நுனிநாக்கு எங்கே இருக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலம் நடத்தினேன். பெற்றோர் யார் வந்தாலும் கிளம்பும்போது ஒன்றைத்தான் கேட்பார்கள். "எம்புள்ள நுனிநாக்குல இங்கிலீஸ் பேசணும் டீச்சர்." வலை பின்னுகிறவரும் அதையே கேட்பார், தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவரும் அதையே கேட்பார். யாரையாவது இடித்துப் பேசவும் நமக்கு அதே சொல்தான்: "ஒன் நுனிநாக்கு இங்கிலீஸை எங்கிட்ட காட்டாதே." ஆசையும் எரிச்சலும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அந்தச் சொல் உடம்பைப் பற்றிச் சரியாகவே சொல்கிறது என்று எனக்குத் தெரிய 1982 ஆனது.

அந்த வருடம் பெங்களூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தென்மாநிலங்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் நாற்பது பேர். வயதான பேராசிரியர் ஒருவர் ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்; பெட்டிக்கடையில் தொங்குமே, பிளாஸ்டிக் சட்டம் போட்டது, அதுதான். 'டென்' என்று சொல்லச் சொன்னார். சொன்னோம். "சொல்ல ஆரம்பித்தபோது உங்கள் நாக்கின் நுனி எங்கே இருந்தது?" என்று கேட்டார். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து வாய்க்குள் கிடக்கிற நாக்கு. மூன்று வருடமாக அதை வைத்துத்தான் எனக்குச் சம்பளம். அது எங்கே போகிறது, எங்கே தொடுகிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வாசிக்கிற நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நம் வாயில் 'டென்' என்றால் நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து, பின்னால் போய், அண்ணத்தைத் தொட்டுக் கிளம்பும். அது நம்முடைய ட. பிறகு 'ன்' வரும்போது நுனி முன்னுக்கு வந்து, மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடிட்டிருக்கும் இடத்தில் நிற்கும். லண்டனில் பிறந்த ஒருவர் அதே சொல்லைச் சொல்லும்போது நாக்கு இவ்வளவு தூரம் போய் வருவதில்லை. ஈற்று மேட்டில் தொடங்கி ஈற்று மேட்டிலேயே முடிகிறது. அவர்கள் பேச்சில் ஓயாமல் வந்துபோகும் மெய்கள் பலவும் நகத்தளவான அந்த இடத்தில்தான் பிறக்கின்றன. நுனிநாக்கு ஆங்கிலம் என்று முதலில் சொன்ன தமிழர் யாரோ, அவர் ஒரு வெள்ளைக்காரரின் வாயைக் கூர்ந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

பேராசிரியர் கேட்ட அதே கேள்வியை ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் எப்போது கேட்டுக்கொண்டார்கள்? பயிற்சி முடிந்து வந்த பிறகும் இந்த எண்ணம் என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தத் தேடலில் நான் முதலில் போய் நின்றது, காது கேளாத ஒரு சிறுவனிடம்.

அலெக்சாண்டர் பாப்பம் என்று பெயர். கடற்படைத் தளபதி எட்வர்ட் பாப்பமின் மகன். பிறவியிலேயே காது கேட்காது. 1659இல், பத்து வயதை ஒட்டி, வில்லியம் ஹோல்டர் என்ற பாதிரியாரிடம் அவனைப் பேச்சுக் கற்க விட்டார்கள். காது கேட்கிற பிள்ளையிடம் 'நான் சொல்ற மாதிரி சொல்லு' என்றால் வேலை முடிந்தது. பாப்பமிடம் அது செல்லாது. நாக்கை எங்கே வைப்பது, உதட்டை எப்படி மூடுவது, மூச்சை வாய்வழி விடுவதா மூக்குவழி விடுவதா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டுகிறவருக்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். ஹோல்டர் தன் வாயையே பாடப்புத்தகமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1669இல் அவர் எழுதி வெளியிட்ட 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்ற சிறு நூலில், 'பின்' என்ற குண்டூசியின் முதல் ஒலிக்கும் 'பேட்' என்ற மட்டையின் முதல் ஒலிக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது, வித்தியாசம் தொண்டைக்குள் எழும் குரலில் இருக்கிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் விரல் வைத்துப் பார்க்கத் தோன்ற வேண்டுமே.

பையன் பேசினான். பிறகு பேச்சு மங்கியது. 1662இல் அவனை ஆக்ஸ்போர்டில் ஜான் வாலிஸிடம் கொண்டுபோனார்கள். வாலிஸ் கணித மேதை. முடிவிலிக்கு நாம் இன்று போடுகிற, படுத்த எட்டுப் போன்ற குறி அவர் கொண்டுவந்தது. 1653இலேயே லத்தீனில் ஆங்கில இலக்கணம் எழுதி, அதன் முகப்பில் ஒலிகள் பிறக்கும் விதம் பற்றித் தனியாக ஒரு பகுதி சேர்த்தவர். அவரும் பாப்பமுக்குக் கற்பித்தார். 1670இல் ராயல் சொசைட்டியின் இதழில் அதைப் பற்றி எழுதியபோது ஹோல்டரின் உழைப்புக்கு உரிய இடம் தரவில்லை. ஹோல்டர் 1678இல் பதில் எழுதினார். பெரிய மனிதர்களுக்குள் நடந்த அந்தச் சண்டையில் என் மனம் ஹோல்டர் பக்கம்தான். முதல் எழுத்தைச் சொல்லவைக்கிறவர் படுகிற பாடு இரண்டாவதாக வருகிறவருக்குக் கிடையாது. ஒன்றாம் வகுப்பு டீச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாப்பமுக்காக வாலிஸ் கைப்பட எழுதிய குறிப்பேடு அந்தக் குடும்பத்தின் லிட்டில்கோட் மாளிகையில் 2008இல் கண்டெடுக்கப்பட்டது. முந்நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மாணவனின் நோட்டு பிழைத்துக் கிடந்திருக்கிறது என்று வாசித்த அன்று எனக்கு மற்ற வேலை ஓடவில்லை.

இதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் அங்கே இந்தப் படிப்பு பெரிதாக நகரவில்லை. நகர்த்தியது கல்கத்தாவிலிருந்து போன ஒரு செய்தி. அங்கே நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1788இல் ஆசிய மொழிச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதுவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வாய்க்குள் ஒலி பிறக்கும் இடத்தை வைத்து எழுத்துகளை வரிசைப்படுத்தும் இந்திய முறை அதன் வழியாக ஐரோப்பியப் படிப்பாளிகளின் கண்ணில் பட்டது. நமக்கு இது மூன்று வயதுப் பாடம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். தொண்டையருகே தொடங்குகிற ஒலி படிப்படியாக முன்னால் நடந்து உதட்டில் வந்து நிற்கும். ஆங்கிலத்தின் ஏ, பி, சி, டி வரிசைக்கும் வாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வில்லியம் ஜோன்ஸ் அறிமுகப்படுத்திய இந்திய இலக்கணக்காரர்கள் இல்லாவிட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஒலியியல் உருவாகியிருக்குமா என்பதே ஐயம் என்று 1946இல் எழுதியவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் பல வருடம் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். தமிழ் உச்சரிப்பு பற்றியும் 1934இல் ஒரு சுருக்கமான விளக்கம் எழுதினார். ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாக அது வந்தது.

பிறகு பெல் குடும்பம். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாகப் பேச்சைத் திருத்துவதே அவர்கள் தொழில். அப்பா மெல்வில் பெல், நாக்கும் உதடும் தொண்டையும் நிற்கிற நிலையையே படமாக்கி ஓர் எழுத்துமுறை கண்டுபிடித்து, 1867இல் 'விசிபிள் ஸ்பீச்' என்று நூலாக்கினார். அதன் மெய்யெழுத்துகளுக்கு அடிப்படை குதிரை லாடம் போன்ற ஒரு வளைவு. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பார்த்து, வேலை செய்வது நாக்கின் அடியா, நுனியா, உதடா என்று அறியலாம். மேடையில் இதைச் செய்து காட்டுவார். மகன்களை வெளியே அனுப்பிவிடுவார். கூட்டத்தில் இருப்பவர்கள் வேற்றுமொழிச் சொல், விநோதமான சத்தம், எது வேண்டுமானாலும் எழுப்பலாம். அவர் அதைத் தன் குறிகளில் பலகையில் எழுதுவார். மகன்கள் உள்ளே வந்து, கேட்காத அந்தச் சத்தத்தைப் பலகையைப் பார்த்தே எழுப்புவார்கள். மரம் அறுக்கும் ஓசையைக்கூட அப்படி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த மகன்களில் ஒருவர் கிரகாம் பெல். 1871இல் பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு இந்த எழுத்தைக் கற்பிக்கப் போனார். ஐந்து வருடத்தில் தொலைபேசி வந்தது. அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது; பின்னால் மணந்துகொண்ட மேபலுக்கும் கேட்காது. இந்தச் சரித்திரத்தில் திரும்பத் திரும்பக் காது கேளாதவர்கள்தான் மற்றவர்களை வாய்க்குள் எட்டிப் பார்க்கவைத்திருக்கிறார்கள்.

ஹென்றி ஸ்வீட்டை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவர் மன்னிக்க வேண்டும். 1877இல் ஒலியியல் கையேடு எழுதினார். எழுத்துக்கு ஒலி, ஒலிக்கு எழுத்து என்று கச்சிதமாக எழுத வழி காட்டினார். தகுதிக்கேற்ற பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பெர்னார்ட் ஷா, பூக்காரப் பெண்ணின் பேச்சை மாற்றும் ஹிக்கின்ஸ் என்ற பாத்திரத்தைப் படைத்தபோது ஸ்வீட்டை மனத்தில் வைத்திருந்ததாக 'பிக்மேலியன்' நாடகத்தின் முன்னுரையிலிருந்து தெரிகிறது. அந்த நாடகம் லண்டனில் 1914இல் மேடையேறியது.

என் பெங்களூர்ப் பேராசிரியர் பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்த்திச் சொல்வது டேனியல் ஜோன்ஸை. இவர் வேறு ஜோன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, அப்பாவுக்காகச் சட்டமும் படித்து, கடைசியில் பாரிஸில் பால் பாஸியிடம் ஒலியியல் கற்றவர். பாஸி, 1886இல் மொழியாசிரியர்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியவர். இன்று உலகமெங்கும் அகராதிகளில் நாம் பார்க்கும் சர்வதேச ஒலிக்குறிகள் அந்தச் சங்கத்தில் பிறந்தவை. எங்களைப் போல வகுப்பறையில் நின்றவர்கள் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஜோன்ஸ் 1907இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கற்பிக்க வந்து 1949இல் ஓய்வு பெற்றார்.

அவர் செய்ததை நினைத்தால் ஒரு பட்டறைதான் என் கண்ணில் வரும். பல் வைத்தியரிடம் மேல் அண்ணத்துக்கு அளவெடுத்து, மெல்லிய கருநிறத் தகடு செய்துகொள்வார்கள். அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தூவி வாய்க்குள் பொருத்திக்கொண்டு ஒரே ஓர் ஒலியைச் சொல்வார்கள். தகட்டை எடுத்துப் பார்த்தால் நாக்கு தொட்ட இடத்தில் மட்டும் பொடி அழிந்திருக்கும். 'டென்' என்பதன் முதல் ஒலிக்குப் பல்வரிசையை ஒட்டி ஒரு குதிரை லாட வடிவம் கருப்பாகத் தெரியும். நம் ட என்றால் அந்தக் கருப்பு பின்னால் போயிருக்கும். (பிற்பாடு 1950களில் எடின்பரோவில் தகடே இல்லாமல், கரித்தூளும் கோக்கோவும் கலந்த பொடியை நேரடியாக அண்ணத்தில் ஊதி, கண்ணாடி வைத்துப் படமெடுத்தார்கள்.) மெய்யெழுத்துக்கு இது போதும். உயிரெழுத்துக்கு நாக்கு எதையும் தொடுவதில்லையே, அதை எப்படிப் பிடிப்பது? நாக்கின் நடுவில் நீளவாக்கில் மெல்லிய ஈயச் சங்கிலியைக் கிடத்திக்கொண்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் சங்கிலி வளைந்திருக்கும் விதம்தான் நாக்கின் வளைவு. அந்தப் படங்கள் 1917இல் வெளிவந்தன. தொண்டையில் சங்கிலி இறங்காமல் சமாளித்தபடி, குமட்டலை அடக்கிக்கொண்டு, 'ஈ' என்றும் 'ஊ' என்றும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிதர்.

அதே 1917இல்தான் அவருடைய ஆங்கில உச்சரிப்பு அகராதி வந்தது. அதே வருடம் மற்ற உயிரொலிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தான் வகுத்த அளவுகோல் உயிரொலிகள் எட்டையும் தன் குரலில் கிராமபோன் தட்டில் பதிவு செய்தார். பேராசிரியர் எங்களுக்குப் போட்டுக் காட்டியது அவர் 1956இல் மறுபடி பதிவு செய்தது. கிறுகிறுவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு வயதான குரல், எந்த அர்த்தமும் இல்லாத 'ஈ', 'ஏ' என்ற ஒலிகளை மட்டும் சுருதி பிடிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகும். நான் அதை ஆலாபனை கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அகராதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. அதில் அவர் பதிந்தது தென் இங்கிலாந்தில், பெரிய விடுதிப் பள்ளிகளில் படித்த ஆண்களின் குடும்பங்களில் புழங்கிய பேச்சு. முதலில் அதற்குப் பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு என்றே பெயர் வைத்திருந்தார்; 1926 பதிப்பில் ரிசீவ்டு புரொனன்ஸியேஷன் என்று மாற்றினார். தான் கேட்டதை எழுதிவைப்பவன் மட்டுமே, எது நல்லது எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை என்று அவரே தெளிவாக எழுதினார். ஆனால் அந்த அகராதி கப்பலேறி நம் ஊருக்கு வந்தபோது தீர்ப்புப் புத்தகமாகத்தான் வந்தது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறார்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொள்வது, ஓடையைத் தாண்ட ஒரு கல்லைப் போட்டுக்கொள்வது மாதிரி. அது மூளைக்குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. லண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்த எத்தனையோ பேர், 'திங்க்' என்பதில் நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்காமல் 'ஃபிங்க்' என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு என் வகுப்பில் உச்சரிப்புக்காக யாரையும் நிற்கவைத்ததில்லை.

வைத்ததில்லை என்று சொன்னேன். அதற்கு முன் ஒரு தவறு செய்தேன்.

1985ஆம் வருடம். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தமிழில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். அவன் ரிக்கற் என்றும், பெற்றோல் என்றும், மீற்றர் என்றும் எழுதியிருந்தான். நான் மூன்றையும் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் டிக்கெட், பெட்ரோல், மீட்டர் என்று எழுதி, வகுப்பில் வாசித்தும் காட்டிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு, "எங்கட ஊரில இப்பிடித்தான் ரீச்சர் எழுதுறது" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ரீச்சர். அந்தச் சொல் என் காதில் நின்றுவிட்டது. பையனைத் தனியாகக் கூப்பிட்டு 'டென்' சொல்லச் சொன்னேன். 'நேற்று' சொல்லச் சொன்னேன். 'காற்று' சொல்லச் சொன்னேன். பெங்களூரில் நாற்பது ஆசிரியர்கள் கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடிய இடத்தில் அவன் நுனிநாக்கு இயல்பாகப் போய் நின்றது. நாம் நேத்து, காத்து என்று சொல்லி ற்ற-வைப் பல்லுக்குக் கொண்டுபோய்விட்டோம். யாழ்ப்பாணத்தார் அதை ஈற்று மேட்டிலேயே வைத்திருக்கிறார்கள். மலையாளிகளும் வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டின் கடைசி ஒலிக்கு அவர்கள் எழுதுவதும் தங்கள் றகர இரட்டையைத்தான். ஆங்கிலேயர் வாயில் அந்த ஒலியைக் கேட்ட யாழ்ப்பாணத்துக் காது, இது நம்ம ற அல்லவா என்று சரியாக அடையாளம் கண்டு எழுதியது. நம் காது பக்கத்தில் கிடந்த ட-வை எடுத்துக்கொண்டது.

அன்றிரவு தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பார்த்தேன். கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்தது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் பிறக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். நுனிநா என்ற சொல்லே அங்கே இருக்கிறது. ற-வையும் ன-வையும் அவர் ஒன்றாகச் சேர்த்து, நுனிநா மேலே எழுந்து அண்ணத்தை ஒற்றப் பிறப்பவை என்கிறார். இரண்டும் ஒரே இடம். பையன் எழுதியது சரி. நான் போட்ட சிவப்புச் சுழிதான் பிழை. மறுநாள் அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், அதைச் சொன்னேன்.

அதிலிருந்து என் பாடமும் மாறியது. பிள்ளைகளுக்கு ஆங்கில ட-வை ட-விலிருந்து கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டேன். "ன் என்று சொல்லு. நாக்கை எடுக்காதே, அங்கேயே வை. இப்ப மூக்கை அடைச்சு, மூச்சை வாய் வழியா விட்டு நாக்கை எடு" என்பேன். வந்துவிடும். கன்று, தென்றல், மன்றம் என்று நிறுத்திச் சொன்னால் நம் வாயும் அந்த இடத்தை இன்னும் மறக்கவில்லை என்று தெரியும். இங்கிலாந்தில் சொல்லின் தொடக்கத்தில் இந்த ஒலிகளோடு ஒரு மூச்சும் வெடித்து வெளியேறும். அதற்கு நோட்டுத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். குண்டூசி என்ற பொருளில் 'பின்' சொன்னால் தாள் துடிக்க வேண்டும். 'ஸ்பின்' என்றால் அசையக் கூடாது. கடற்காற்று வீசுகிற பள்ளிக்கூடம், ஜன்னலைச் சாத்தினால்தான் இந்தப் பாடம் நடக்கும். தாள் துடித்ததும் அந்தப் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் இப்போது கனடாவில் இருக்கிறான். போன வருடம் அவன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. கல்யாண மண்டபத்தின் முகவரிக்குக் கீழே ரொறன்ரோ என்று அச்சிட்டிருந்தது. என் மருமகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "டொரண்டோவைத் தப்பா அடிச்சிருக்காங்க அத்தை" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ன் என்று சொல்லி நாக்கை எடுக்காமல் இருக்கச் சொன்னேன்.